குறி பட்ட காசு

பழைய நாணயங்களைச் சேகரிக்கும் ஆசை நம் பிள்ளைகளிடையே மெள்ள மெள்ள வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரிய செய்தி. பாட்டியின் தகர டப்பாவிலிருந்து விக்டோரியா ராணியின் தலை பொறித்த ரூபாயைத் தேடி எடுத்து வந்து வகுப்பில் காட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "இதற்கு என்ன விலை கிடைக்கும்?" என்பதுதான். காசின் முகத்தில் ஒரு சிறு உளிக்குறியோ, பூப்போன்ற வடுவோ, யாரோ அடித்த ஓர் எழுத்தோ இருந்துவிட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார். "அடிபட்ட காசு, வெள்ளி எடைக்குத்தான் விலை" என்கிறார். அவ்விதம் ஒதுக்கப்படும் காசு கடைசியில் உருக்குபவரின் மூசைக்குப் போய்ச் சேருகிறது. இந்த வாரம் அந்த அடிபட்ட காசின் கட்சியை எடுத்துப் பேசவே நாம் முன்வந்திருக்கிறோம்.

அந்தக் குறிகளை இட்டவர்கள் அரசர்கள் அல்லர். காசுக்கடையில் அமர்ந்து நாணயத்தின் தரம் பார்த்த சராப்புகள். இத்தொழில் நமக்கு மிகப் பழையது. சங்கப் புலவர்களின் பெயர்களிலே வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என வருவதைத் தமிழ் படித்தோர் அறிவர். வண்ணக்கன் என்பதற்கு நாணயப் பரிசோதகன் என்றே உரைகாரர்கள் பொருள் கூறினர். பொன்னின் மாற்றுப் பார்த்த கண்ணே கவிதையின் மாற்றையும் பார்த்தது போலும்! சோழர் கல்வெட்டுக்களில் 'துளைநிறை பொன்' என்று வருவதும், சோதித்து நிறுத்த பொன்னையே நம் முன்னோர் ஏற்றனர் என்பதைக் காட்டும். இந்தியாவின் மிகப் பழைய வெள்ளி முத்திரைக் காசுகளின் பின்புறத்தில் காணும் சிறு குறிகள் கூட, அவற்றைச் சோதித்தவர்கள் இட்டவை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

அரசன் முத்திரை இருக்கும்போது இன்னொருவன் குறி எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடை நம் ஜில்லாவின் பக்கத்திலேயே இருக்கிறது. ஆர்க்காட்டு ரூபாய் என்ற பெயரில் ஓடிய காசு ஓரிடத்தில் மட்டும் அடிக்கப்பட்டதன்று. நவாபிடம் உரிமை பெற்று, 1736-ல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும், 1742-ல் சென்னையில் ஆங்கிலேயர்களும் அதே பெயரில் ரூபாய் அடித்தார்கள். பிரெஞ்சுக்காரர் காசில் பிறை. சென்னைக் காசில் தாமரை. எழுத்துக்களோ பாரசீகம். போதாக்குறைக்குச் சென்னைக் கம்பெனியார், ஹிஜ்ரி 1172 என்ற ஒரே ஆண்டையே பல பத்தாண்டுகள் மாற்றாமல் பொறித்து வந்தார்கள். காசின் மேல் எழுதியிருப்பதைப் படித்து அதன் வயதையும் அறிய முடியாது. பிறப்பிடத்தையும் எளிதில் அறிய முடியாது.

இந்த நிலையில் திருவண்ணாமலை போன்ற ஊரின் கடைவீதியை எண்ணிப் பாருங்கள். கார்த்திகை தீபத்திற்குப் பல சீமைகளிலிருந்தும் யாத்திரிகர்கள் வந்து கூடுகிற ஸ்தலம் இது. 1767-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் செங்கத்திலும், பின் இவ்வூரிலும், ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கமும் கம்பெனியின் கர்னல் ஸ்மித் மறு பக்கமுமாகப் போர் புரிந்தார்கள். படைகள் போகிற வழியெல்லாம் அவரவர் காசும் போகும். வெற்றிலை விற்கிற கிழவி எந்த அரசனை நம்பிக் காசை வாங்குவாள்? அவள் நம்பியது சராப்பை. அவர் காசைக் கல்லில் தட்டி ஓசை கேட்டார், உரைத்துப் பார்த்தார், நிறுத்தார். குறைந்த காசுக்கு வட்டம் பிடித்தார். நல்ல காசில் தம் குறியை அடித்தார்.

வட்டம் பிடிப்பதில் ஏழையை ஏய்த்தவர்களும் உண்டு. அதை மறைத்துச் சராப்புகளைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் குறி இட்டவன் ஒரு பொறுப்பை ஏற்றான் என்பதை மறக்கலாகாது. "இதை நான் பார்த்தேன், இது நல்லது" என்று தன் பெயரை ஈடு வைத்த செயல் அது. பித்தளைக் குடத்தில் நம் வீட்டுப் பெண்கள் பெயர் வெட்டி வைப்பது "இது எங்களுடையது" என்று சொல்வதற்கு. சராப்பு குறி இட்டதோ, தன் கையைவிட்டுப் போகப்போகிற பொருளுக்காக! இனி யாரிடம் போய்ச் சேரும் என்று அறியாத காசுக்கு அவன் சாட்சி நின்றான்.

சீனத்திலும் இவ்வழக்கம் இருந்தது. அங்கு வந்திறங்கிய மெக்ஸிகோ வெள்ளிக் காசுகளிலும், அமெரிக்கா 1873 முதல் கீழ்நாட்டு வாணிபத்துக்கென்றே அடித்த டாலர்களிலும், சீன வணிகர்கள் தத்தம் எழுத்தைப் பொறித்தார்கள். ஆங்கிலத்தில் அக்குறிக்கு வழங்கும் பெயர், 'சாப்பா' என்று நாம் சொல்கிற அதே இந்தியச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். காசில் எழுத்துப் பொறித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகள், செப்புக் காசின் மேலிருந்த அரசன் தலையைத் தேய்த்து அழித்துவிட்டு, தம் பெயரையும் பிரிவுச் சொற்களையும் அதில் செதுக்கி உற்றாரிடம் விட்டுச் சென்றார்கள். நூற்றுக்கணக்கான அத்தகைய காசுகளை ஆஸ்திரேலிய தேசீயப் பொருட்காட்சிசாலை போற்றி வைத்திருக்கிறது. தண்டனை பெற்றவர்களின் குறியை ஒரு தேசம் பொக்கிஷமாகக் கருதுகிறது. நம் வணிகர்களின் குறியை நாம் பழுது என்கிறோம்!

1835-ம் வருஷத்தில் கம்பெனியார், 180 கிரெயின் எடையும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்ட ஒரே மாதிரி ரூபாயைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகும் சராப்பு உடனே குறியை நிறுத்திவிடவில்லை. நான்காம் வில்லியமின் கன்னத்திலும் விக்டோரியாவின் கழுத்திலும் அது விழுந்திருக்கிறது. ராஜாவின் தலைக்கு வணங்கிய காலத்திலும், தன் கண்ணால் பார்த்த பிறகே நம்புவேன் என்ற ஒரு தீரம் அதில் தெரிகிறது.

சேகரிக்க விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். எழுத்து உளிகள் கடையில் கிடைக்கின்றன. ஆகவே இன்று அடித்த குறியைப் பழையது என்று விற்பவர்களும் இருக்கலாம். பழைய குறியின் விளிம்பு, காசின் மற்றப் பாகத்தோடு ஒத்துத் தேய்ந்திருக்கும். அதன் பள்ளத்திலும் அதே கருமை படிந்திருக்கும். விளிம்பு கூர்மையாகவும் உட்புறம் பளிச்சென்றும் இருந்தால் ஐயுறுங்கள். புளியோ விபூதியோ போட்டுக் காசைத் துலக்க வேண்டாம். அது குறியையும் சேர்த்துத் தேய்த்துவிடும். காகித உறையில் இட்டு, கிடைத்த இடத்தையும் எடையையும் உறை மேல் எழுதி வையுங்கள். மண்ணில் புதைந்த நிதியாகக் கிடைத்தால், 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு அறிவிப்பது கடமை. ஒருபோதும் நீங்களாக எந்தக் காசிலும் குறி அடிக்க வேண்டாம். நடப்புக் காசை உருக்குவதையும் சிதைப்பதையும் 2011-ம் வருஷத்து நாணயச் சட்டம் தடுக்கிறது.

தமிழில் நாணயம் என்பது காசுக்கும் பெயர், நேர்மைக்கும் பெயர். அரசன் தலை முதற்பொருளுக்குச் சான்று. மழுங்கிய அந்தச் சிறு குறியே இரண்டாம் பொருளுக்குச் சான்று. அதை இட்டவன் யார் என்று ஒரு சரித்திரப் புத்தகமும் சொல்லவில்லை. அவன் விட்டுப்போன ஒரே கையெழுத்து அது. அதை மூசையில் போடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.