வாட்டுக்குக் கொட்டும் பணத்தை வயருக்குக் கொடுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்றுதான். ராம் குறைவாக இருந்தால் அந்த வேகத்தால் பயன் இல்லை என்பது பிறகுதான் தெரியவரும். ஹாம் ரேடியோ என்று அழைக்கப்படும் அமெச்சூர் ரேடியோவுக்குப் புதிதாக வருகிறவர்களும் இதே கேள்வியைத்தான் வேறு மாதிரி கேட்கிறார்கள்: "எத்தனை வாட்?"

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். மாலை நேரங்களில் ஹாம் ரேடியோவில் இருப்பவன். என்ன செட் வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். உங்கள் பட்ஜெட்டில் முதல் பங்கு ஆண்டெனாவுக்கு; மீதியில் ரேடியோ.

முதலில் கேளுங்கள்

ரேடியோ வாங்கும் முன் லைசென்ஸ் வாங்க வேண்டும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை இதற்கென ஒரு தேர்வு நடத்துகிறது. ரேடியோ அடிப்படைகள், விதிமுறைகள் இரண்டிலும் கேள்விகள் வரும். லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது மட்டுமல்ல, ஒலிபரப்பும் கருவியை வைத்திருப்பதே சட்டப்படி தவறு. "இண்டர்நெட்டில் சும்மா விற்கிறார்களே" என்பது பதில் ஆகாது. இப்படி வாக்கி டாக்கி விற்பதைக் கட்டுப்படுத்த, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் தனி நெறிமுறைகளே வெளியிட்டது.

லைசென்ஸ் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். உங்களிடம்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே! நெதர்லாந்தில் உள்ள ட்வென்டே பல்கலைக்கழகத்தின் ரேடியோ ரிசீவரை, 2008 முதல் யார் வேண்டுமானாலும் பிரௌசர் வழியாகத் திருப்பிக் கேட்க முடிகிறது. யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் சிறிய ஆர்டிஎல்-எஸ்டிஆர் குச்சி ஒன்று வாங்கினால், உங்கள் ஊர் ஹாம்கள் பேசுவதையே கேட்கலாம். 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் அலைவரிசைகளும் எடுக்கும் மாடல்தானா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். எந்த அலைவரிசையில் உங்களுக்கு ஆர்வம் என்று தெரிந்துவிட்டால், எந்த செட் வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை ரிசீவரில் உள்ள எஸ்-மீட்டர் காட்டும். அதில் ஒரு புள்ளி ஏற, ஒலிபரப்பும் பவர் நான்கு மடங்காக வேண்டும். அப்படியானால் 10 வாட் செட்டை விட்டுவிட்டு 100 வாட் செட் வாங்கினால், எதிர்முனையில் இருப்பவரின் மீட்டர் எவ்வளவு ஏறும்? இரண்டு புள்ளிகூட முழுதாக ஏறாது.

இந்த இரண்டு புள்ளிக்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன? ஐகாம் ஐசி-7300 என்ற 100 வாட் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் வந்தது, நல்ல செட். ஒரே யு.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டருடன் இணைந்துவிடும். ஆனால் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். போதாக்குறைக்கு 13.8 வோல்ட்டில் 21 ஆம்பியர் வரை தரக்கூடிய பவர் சப்ளையும் தனியாக வாங்க வேண்டும்.

இப்போது ஆண்டெனாவைப் பாருங்கள். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோல் ஆண்டெனாவின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 20 மீட்டர். அதாவது 10 மீட்டர் செம்பு வயர் இரண்டு துண்டு, நடுவில் கேபிள். எலக்ட்ரிகல் கடை வயரே போதும். இதை ஜன்னல் ஓரத்தில் சுருட்டி வைக்காமல் மொட்டை மாடிக்கு மேல் உயர்த்திக் கட்டுங்கள். 10 வாட்டில் பேசினாலும் அடுத்த மாநிலங்களில் கேட்கும். பவர் உங்கள் பேச்சை அனுப்பத்தான் உதவும். ஆண்டெனா எதிர்முனையில் பேசுவதைக் கேட்கவும் உதவும்.

10 வாட்டில் செட் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்து 2017-ல் வெளிவந்த மைக்ரோ பிட்எக்ஸ், 80 மீட்டர் முதல் 10 மீட்டர் வரையிலான அலைவரிசைகளில் சுமார் 10 வாட் தரும். சாலிடரிங் தெரிந்தவர்களுக்கு ஏற்றது.

வீட்டில் இருக்கும் எதிரி

"நான் அபார்ட்மெண்டில் இருக்கிறேன், ஆண்டெனாவுக்கு எங்கே போவது?" நியாயமான கேள்வி. எங்கள் அபார்ட்மெண்டிலும் மாடியில் கம்பம் நட அனுமதி தரவில்லை. மெல்லிய வயரைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி இழுத்துக்கொள்கிறேன் என்றதும் சம்மதித்தார்கள். கீழே இருந்து பார்த்தால் கொடிக்கயிறு மாதிரிதான் தெரியும். மின் கம்பிக்கு அருகில் மட்டும் எந்த வயரையும் கொண்டு போகாதீர்கள், உயிர் போய்விடும். இடி மின்னலுக்கு முன்பே ஆண்டெனாவை ரேடியோவிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இடத்தை விடப் பெரிய தொல்லை இரைச்சல். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ், மலிவான செல்போன் சார்ஜர், எல்.ஈ.டி. பல்பு ஆகியவை ரேடியோவில் 'கர்ர்' என்று கத்தும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, எது கத்துகிறது என்று கண்டுபிடியுங்கள். அதன் வயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

அதே கம்ப்யூட்டர் உங்களுக்கு உதவியும் செய்யும். 1993-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் சேர்ந்து 2017-ல் எஃப்டி8 என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். காதுக்கே எட்டாத சிக்னலைக்கூட இந்த சாப்ட்வேர் இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்து எழுத்தாகக் காட்டும். 15 விநாடிக்கு ஒரு முறை மாறி மாறி அனுப்பும் முறை என்பதால், கம்ப்யூட்டர் கடிகாரம் சரியாக ஓட வேண்டும். சில வாட்டிலேயே கண்டம் தாண்டலாம்.

கையில் எடுத்துச் செல்ல

வெளியில் கொண்டு போக நினைப்பவர்களின் கண் உடனே 5 வாட் ஹேண்டிசெட் மீது போகிறது. அது தவறான கருவி இல்லை. உங்கள் ஊரில் ரிப்பீட்டர் இருந்தால், அதாவது உயரமான இடத்தில் இருந்து சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம் இருந்தால், அதுவே முதல் செட்டாக இருக்கலாம். ரிப்பீட்டர் இல்லாவிட்டால் 144-146 மெகாஹெர்ட்ஸ் அலை கட்டடங்களையும் மலைகளையும் தாண்டத் திணறும். செட்டுடன் வரும் குட்டை ரப்பர் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, சுமார் 49 செ.மீ. நீளமுள்ள கால் அலை ஆண்டெனாவை மாட்டுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

வீட்டு மாடியில் ஆண்டெனா வைத்து ஹேண்டிசெட்டை இணைப்பவர்கள் கேபிளைக் கவனியுங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள், பவரில் பாதியை விழுங்கிவிடும். ஆர்ஜி-213 கால் பங்கோடு விட்டுவிடும். 7 மெகாஹெர்ட்ஸில் இழப்பு குறைவு. அங்கே ஆர்ஜி-58 போதும்.

வீட்டுக்கும் வெளிக்கும் ஒரே செட் வேண்டுமென்றால் 2020-ல் வந்த ஐகாம் ஐசி-705 இருக்கிறது. அதன் பேட்டரியில் 5 வாட், வெளி சப்ளையில் 10 வாட். விலை இதுவும் லட்சத்தைத் தாண்டும் என்பதால், முதல் செட்டாக நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எதற்காக இவ்வளவும்?

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம்கள் சிலர் ரேடியோக்களுடன் போர்ட் பிளேரில் இருந்தார்கள். வந்தது பொழுதுபோக்குக்காக. 26-ம் தேதி சுனாமி தாக்கி மற்ற தொடர்புகள் அறுந்தபோது, அந்தமானிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நம் கரைக்கு அவர்களுடைய எச்.எஃப். ரேடியோ வழியாகத் தகவல்கள் வந்தன. கையில் பிடிக்கும் செட்டால் அந்தக் கடலைத் தாண்ட முடியாது. ரேடியோவும் ஆண்டெனாவும் அங்கே இருந்தன. இயக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

அலமாரியில் பூட்டி வைத்த 100 வாட் செட் அவசரத்துக்கு உதவாது. தினமும் பழகிய 10 வாட் செட்டும், மாடியில் தயாராக நிற்கும் 20 மீட்டர் வயரும் உதவும். ஆகவே இந்த வாரம் ரேடியோ கடைக்குப் போக வேண்டாம். அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். எவ்வளவு நீளத்துக்கு வயர் கட்ட முடியும் என்று அளந்து குறித்து வையுங்கள். என்ன செட் வாங்கலாம் என்பதை அதன் பிறகு பேசலாம்.