ஏழாம் நம்பர் பாட்டி

பாட்டி என்றால் நமக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது என்ன? சுவரோரம் ஒரு நாற்காலி, கையில் ஜபமாலை, பக்கத்தில் மூக்குக் கண்ணாடிக் கூடு, மூட்டுவலித் தைலம். இவ்வளவுதானே? ஜப்பான் தேசத்தில் பாட்டி என்றதும் ஒரு தலைமுறைக் காலம் எல்லோருக்கும் ஞாபகம் வந்த சாமான் வேறு. நீண்ட பிடி போட்ட ஒரு சுத்தியல்! அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, மார்பில் '7' என்று நம்பர் எழுதிய துணியைக் கட்டிக்கொண்டு, காலை வேளையில் நகரசபைப் பூங்காவுக்குப் பாட்டி புறப்பட்டுவிடுவாள். எதற்கு? பந்தடிக்க!

சிரிக்காதீர்கள், சகோதரிகளே! இந்த ஆட்டத்துக்குக் 'கேட்-பால்' என்று பெயர். உலகச் சங்கம், உலகப் போட்டி எல்லாம் உள்ள ஆட்டம்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். மட்டமான தரை வேண்டும். நீளம் 20 முதல் 25 மீட்டர். அகலம் 15 முதல் 20 மீட்டர். சின்ன மைதானமென்றால் சென்னைக் கணக்கில் ஒன்றேகால் கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவே. மூன்று இடங்களில், 'ப' என்ற எழுத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல், சிறு கம்பி வளைவுகளை நட்டிருப்பார்கள். அவைதான் 'கேட்'. நடுவில் ஒரு கம்பம். கட்சிக்கு ஐந்து பேராகப் பத்துப் பேர்; ஆளுக்கு ஒரு பந்து. ஒற்றைப்படை நம்பர்காரர்களுக்குச் சிவப்புப் பந்து, இரட்டைப்படைக்கு வெள்ளை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை பிசகாமல் அடிக்க வேண்டும். கேட்டுக்குள் பந்து நுழைந்தால் ஒரு பாயிண்டு. மூன்று கேட்டையும் கடந்து கம்பத்தில் மோதினால் இரண்டு பாயிண்டு. முப்பது நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

இதில் குறும்புக்கும் இடம் உண்டு. நம் பந்து வேறொருவர் பந்தைத் தொட்டுவிட்டால், அந்தப் பந்தை எடுத்து வந்து நம் பந்தோடு ஒட்டி வைத்து, நம் பந்தைக் காலால் அழுத்திக்கொண்டு ஓங்கி ஒரு தட்டுத் தட்டலாம். நம் பந்து நகராது, மற்றது பறக்கும். நம் கட்சிக்காரர் பந்தானால் கேட்டுக்கு அருகே அனுப்பி உபகாரம் செய்யலாம். எதிர்க்கட்சியானால் மைதானத்துக்கு வெளியே துரத்தலாம். ஐம்பது வருஷம் குடித்தனம் செய்த கணவர் எதிர்க்கட்சியில் இருந்துவிட்டால் கேட்க வேண்டுமா? பழைய கணக்கையெல்லாம் ஒரே தட்டில் தீர்த்துக்கொள்ளலாம்!

ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். பந்தின் எடை கால் கிலோவுக்கும் குறைவு. புஜபலத்தால் இதில் ஜயிக்க முடியாது. அடுத்து யார் முறை, எந்தப் பந்தை எங்கே நிறுத்தினால் யாருக்கு உதவும் என்று நாலு படி முன்னால் யோசிக்க வேண்டும். மாதக் கடைசியில் மளிகைக் கணக்கைச் சமாளித்த மூளைக்கு இது பெரிய காரியமா? ஆகையால் ஆணும் பெண்ணும் ஒரே கட்சியில் சரிசமமாக நின்று ஆட முடிகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டம் பெரியவர்களுக்காகப் பிறந்ததே அல்ல. 1947-ம் வருஷம். ஜப்பான் யுத்தத்தில் தோற்று இடிபாடுகளுக்கு நடுவே கிடந்த சமயம். பந்து செய்ய ரப்பர் கிடையாது. வடக்கே ஹொக்காய்டோ தீவில் மர வியாபாரத்தில் இருந்த சுசுகி என்பவர் பார்த்தார். ரப்பர் இல்லாவிட்டால் என்ன, மரம்தான் மலைமலையாக இருக்கிறதே! ஐரோப்பியர்களின் 'குரோக்கே' ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றி, மரப் பந்தும் மரச் சுத்தியலும் வைத்துக் குழந்தைகளுக்காக ஓர் ஆட்டத்தை உண்டாக்கினார்.

குழந்தைகளின் ஆட்டம் பாட்டிகளிடம் எப்படி வந்தது? அங்கேதான் நம் வாசகிகள் கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. தெற்கே குமாமோட்டோ நகரில் ஒரு தேகப்பயிற்சி ஆசிரியர், 1950-களின் கடைசியில், இந்த ஆட்டத்தை இரண்டு கூட்டத்தாருக்குக் கற்றுக் கொடுத்தார். ஒன்று முதியோர் சங்கம். மற்றொன்று மாதர் சங்கம்! 1962-ல் அந்த ஊரில் கேட்-பால் சங்கமே ஏற்பட்டு, ஆட்டத்துக்குச் சட்டதிட்டமும் எழுதிக்கொண்டார்கள். 1976-ல் அதே ஊரில் தேசிய அளவில் நடந்த ஒரு தேகப்பயிற்சி விழாவில் இதை ஆடிக் காட்டினார்கள். பல ஊர்களிலிருந்து வந்திருந்தவர்கள் பார்த்துவிட்டு, 'நம் ஊரிலும் நடத்தலாமே!' என்று எடுத்துப் போனார்கள். பிறகு ஊர் ஊராக இதைப் பரப்பியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? நகரசபை, கிராமசபை உத்தியோகஸ்தர்களும் முதியோர் சங்கத்தாரும்தான். 1984-ல் ஜப்பானிய கேட்-பால் சங்கமும், 1985-ல் உலகச் சங்கமும் தோன்றின. 1986-ல் ஹொக்காய்டோவிலேயே முதல் உலகப் போட்டி நடந்தது.

உத்தியோகஸ்தர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1963-ல் ஜப்பானில் முதியோர் நலச் சட்டம் நிறைவேறியது. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் இவற்றோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. பெரியவர்கள் தாங்களாகவே உற்சாகத்தோடு கலந்துகொள்ளும்படியான பொழுதுபோக்குகளை உள்ளூர் ஆட்சிகள் நடத்தப் பாடுபட வேண்டும், முதியோர் சங்கம் போல அவற்றை நடத்துகிறவர்களுக்கு உதவவும் முயல வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். கிழவர்கள் விளையாடுவதும் ராஜாங்க காரியமே என்று அறுபது வருஷத்துக்கு முன்பே ஒரு தேசம் எழுத்தில் ஒப்புக்கொண்டது!

அவர்களுக்கு அவசரமும் இருந்தது. 1970-ல் ஜப்பானில் நூறு பேரில் ஏழு பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். 1994-ல் அது பதினாலு ஆயிற்று. 2023-ல் இருபத்தொன்பது! அதாவது தெருவில் எதிரே வரும் பத்துப் பேரில் கிட்டத்தட்ட மூன்று பேர் தாத்தா பாட்டிகள். இத்தனை பேரையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஒரு தேசம் என்ன செய்ய முடியும்?

'நடமாட்டம்தானே வேண்டும்? தனியாக நாலு தெரு நடந்துவிட்டு வரட்டுமே. இதற்கு மைதானம் ஏன், நகரசபைப் பணம் ஏன்?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நடந்து போகிற பாட்டி இன்று வரவில்லையென்றால் தெருவுக்குத் தெரியாது. ஏழாம் நம்பர் பாட்டி வரவில்லையென்றால் ஆறாம் நம்பரோடு ஆட்டம் நின்றுபோகும்! 'ஏழு எங்கே? ஏழு எங்கே?' என்று ஒன்பது பேர் தேடுவார்கள். ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். ஜப்பானிய பாஷையில் 'கொடொகுஷி' என்று ஒரு சொல் உண்டு. தனியாகச் சாதல் என்று அர்த்தம். அறையில் தனியாக இறந்தவரை நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், யாரும் அறியாமல் இருப்பது. அதற்கென்று ஒரு சொல்லே ஏற்படும் அளவுக்கு அது நடக்கிறது என்றால் நெஞ்சு திக்கென்கிறதல்லவா? கதவைத் தட்டும் அந்த ஒன்பது பேரின் மதிப்பு எவ்வளவு என்று இப்போது சொல்லுங்கள்.

வயதான பெண்மணிக்கு இது இன்னும் பெரிய காரியம். ஆண்களுக்கு உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆகும் நாள் ஒன்று உண்டு. அடுப்புக்கும் தொட்டிலுக்கும் ரிடையர் ஆகும் நாள் எந்தக் காலண்டரில் இருக்கிறது? எழுபது வயதிலும் பேரனுக்குச் சோறூட்ட, காய்கறி நறுக்க, காஸ்காரருக்குக் கதவு திறக்க அவள் தேவை. வீட்டில் அவள் யாருக்கோ அம்மா, யாருக்கோ மாமியார், யாருக்கோ பாட்டி. மைதானத்தில் அவள் ஏழாம் நம்பர். அங்கே அவளுக்குச் சொந்தமாக ஒரு பந்து, ஒரு முறை, ஒரு வெற்றி உண்டு. நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை.

எல்லாம் இனிப்பாகவே நடந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சண்டையும் வந்தது. ஒருவர் பந்தை இன்னொருவர் வெளியே தட்டுகிற ஆட்டமல்லவா? தலைவர் 'அங்கே அடி, இங்கே அடி' என்று உத்தரவு போடுகிற ஆட்டமும்கூட. பெரியவர்களின் ரோஷம் லேசானதா? கேட்-பால் சச்சரவுகள் பேர்போனவை. அத்தோடு, 'அது கிழடுகளின் ஆட்டம்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. புதிதாக அறுபதைத் தாண்டுகிறவர்கள், 'நாங்கள் இன்னும் கிழவர்களாகவில்லை!' என்று ஒதுங்கினார்கள். ஆட வருகிறவர் தொகை குறைந்துகொண்டே போயிற்று. ஒரு காலத்தில் இடம் பிடிக்கப் போட்டியாக இருந்த மைதானங்களில் சில இப்போது புல் மண்டிக் கிடக்கின்றன.

'இவ்வளவுதானா? பணமெல்லாம் பாழா?' என்று அவசரப்படக் கூடாது. இன்னொரு கதை கேளுங்கள். டொட்டோரி மாகாணத்தில் டொமாரி என்று ஒரு கிராமம். 1982-ல் அந்தக் கிராமத்துக் கல்விச் சபையாரே உட்கார்ந்து யோசித்து, புதிதாக ஓர் ஆட்டத்தை உண்டாக்கிவிட்டார்கள்! 'கிரவுண்டு கால்ப்' என்று பெயர். கோல்ப் மாதிரிதான், ஆனால் குழி தோண்ட வேண்டாம். தரையில் ஒரு வளையத்தை நிறுத்திவைத்து, அதற்குள் பந்தைச் சேர்க்க வேண்டும். தனி மைதானமே வேண்டாம். பள்ளிக்கூடத் திடல், பூங்கா, ஆற்றங்கரை எதுவானாலும் போதும். வளையத்துக்குள் பந்து நின்றால் 'டொமாரி!' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு 'நின்றது' என்றும் பொருள். ஊர்ப் பெயரும் அதுவே! முக்கியமாக, இதில் அடுத்தவர் பந்தை யாரும் துரத்த வேண்டியதில்லை. அவரவர் பந்து, அவரவர் கணக்கு. சச்சரவுக்கு இடம் குறைவு. ஜப்பானியப் பெரியவர்கள் பலர் இதற்கு மாறிவிட்டார்கள். ஆட்டம் மாறலாம். கூடி நிற்க ஓர் இடமும், கூப்பிட ஒரு சங்கமும் இருந்தால் பெரியவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

'மைதானம் குழந்தைகளுக்கே போதவில்லை. தாத்தா பாட்டிகளுக்கு எங்கே கொடுப்பது?' இந்தக் கேள்வி எந்த ஊரிலும் எழக்கூடியது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும். காலை ஒன்பது மணிக்குக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். மைதானம் காலியாகக் கிடக்கிறது. மாலையில் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாம். இரண்டு கூட்டத்துக்கும் நேரம் பிரித்து எழுதி, பூங்கா வாசலில் ஒரு பலகை மாட்ட வேண்டியதுதான். பலகை மாட்டாவிட்டால்? பலமுள்ளவன் கையில் மைதானம் போய்விடும். ஏழாம் நம்பர் பாட்டியால் யாரோடும் மல்லுக்கு நிற்க முடியாது.

நகரசபை செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் காரியமில்லை. கல், பள்ளம் இல்லாத தரை, நிழலில் இரண்டு பெஞ்சு, குடிதண்ணீர்க் குழாய், சுத்தமான கழிப்பிடம், பந்தும் சுத்தியலும் வைத்துப் பூட்ட ஒரு சிறு அறை, வாரத்தில் இன்ன நாள், இன்ன மணி என்று மாறாத முறை. இவற்றில் கழிப்பிடத்தை மட்டும் விட்டுவிட்டால்கூடப் பெண்கள் வரமாட்டார்கள். வந்தாலும் அரைமணியில் திரும்பிவிடுவார்கள். அதை எந்தப் பெண்மணியும் கூட்டம் போட்டுச் சொல்லமாட்டாள். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடுவாள்.

ஜப்பானில் 1988 முதல், அறுபது வயதானவர்களுக்கென்றே, மாகாணம் மாறி மாறித் தேசிய விழா ஒன்று நடத்தி வருகிறார்கள். கேட்-பாலும் உண்டு, சதுரங்கம் போன்ற ஆட்டங்களும் உண்டு, கவிதை எழுதும் போட்டியும் உண்டு. அந்த மேடைக்குப் போகிற பாட்டியும் ஒருநாள் வீட்டை விட்டு முதல்முறை தயங்கித் தயங்கிக் கிளம்பியவள்தான்.

நகரசபை தரையைச் சமன் செய்யலாம், குழாய் போடலாம். பாட்டியின் கையிலிருக்கும் அரிவாள்மணையை வாங்கி வைப்பது வீட்டாரின் வேலை. 'காய் நான் நறுக்கிக்கொள்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள், அம்மா!' என்று ஒரு மருமகள் சொல்ல வேண்டும். மைதானத்தில் எல்லாம் தயாராக இருந்தாலும், அந்த வார்த்தை கிடைக்காவிட்டால் ஏழாம் நம்பர் துணி மடித்தபடியே இருக்கும்.