ஸ்தூபி தெளிவா இருக்கு, அம்மாவைத்தான் காணோம்

மாற்றலாகி வெளிமாநிலம் வரும் நம்ம ஆட்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் மாசம் வீடு தேடுவோம். இரண்டாம் மாசம் இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று தேடுவோம். மூன்றாம் மாசம், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, நாலு இடம் பார்க்கணும், நல்லதா ஒரு கேமரா வாங்கணும்" என்று ஆரம்பிப்போம்.

போன வாரம்கூட எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார். "சார், ட்ராவல் போட்டோகிராபி கத்துக்கலாம்னு இருக்கேன். எந்த கேமரா வாங்கலாம்? இஎம்ஐ போட்டா மாசம் மூவாயிரம்தான் வருது."

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன். கேமரா வேண்டாம் தம்பி. முதலில் கூட வருகிற ஆட்களைப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இடமெல்லாம் அப்புறம்.

இந்தப் புத்தி எனக்குத் தானாக வரவில்லை. விலை கொடுத்து வாங்கியது.

2014-ல் போபாலுக்கு மாற்றல். போனஸ் மாதிரி ஒரு தொகை கைக்கு வந்ததும் டிஎஸ்எல்ஆர் வாங்கிவிட்டேன். கூடவே 18-55 லென்ஸ், ஒரு பை, ஒரு ட்ரைபாட். (ட்ரைபாட் இன்றைக்கும் பரணில்தான் இருக்கிறது. தொல்லியல் துறை இடங்களில் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பதே வாங்கின பிறகுதான் தெரியும்.)

2016 மே மாசம் அம்மா நெல்லையிலிருந்து வந்தாள். நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை, அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்துப் போபால். அறுபத்தெட்டு வயதில் அவள் போன மிக நீண்ட பயணம் அதுதான். ஐம்பது கிலோமீட்டருக்குள் சாஞ்சி இருக்கிறதே என்று கூட்டிக்கொண்டு போனேன். கிளம்பிப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. வெயில் நாற்பத்திரண்டு டிகிரி.

அசோகர் காலத்தில் தொடங்கிய பெரிய ஸ்தூபி, நாலு திசையிலும் தோரண வாயில், அதில் அத்தனை சிற்பம். விடுவேனா? முழு ஸ்தூபியும் வர வேண்டும் என்று பின்னாடி போய்க்கொண்டே இருந்தேன். அம்மாவைத் தோரணத்துப் பக்கம் நிறுத்தியிருந்தேன். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கிருந்து கத்தினாள்: "ஏல, மண்டை காயுது, சீக்கிரம் எடுத்துத் தொலை!"

அன்றைக்கு மட்டும் 212 படம். அதில் அம்மா இருப்பது ஏழு.

2019-ல் அம்மா தவறிவிட்டாள். மாலை போட ஒரு படம் வேண்டும் என்று தம்பி கேட்டான். போட்டோகிராபர் மகன் நான்தானே? ஹார்ட் டிஸ்கைத் திறந்து தேடினேன். சாஞ்சியில் ஏழு படத்திலும் ஸ்தூபி தெளிவாக இருந்தது. அம்மா தீப்பெட்டிக் குச்சி அளவு. பெரிதாக்கினால் முகத்தில் முந்தானை நிழல், கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி. மொபைலில் இருந்ததெல்லாம் பாதி கண் மூடினது, மீதி வாட்ஸப்பில் நாலு கை மாறிச் சுருங்கிப் போனது.

கடைசியில் அவளுடைய பென்ஷன் பாஸ்புக்கில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைத்தான் ஸ்டுடியோவுக்குக் கொண்டு போனோம். வங்கி முத்திரை பாதிக் கன்னத்தில் இருந்தது. ஸ்டுடியோ பையன் அதை கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுத்தான். எத்தனை ஆயிரம் பாஸ்புக்கில் நானே அப்படி முத்திரை குத்தியிருப்பேன்! அன்றைக்குத்தான் உறைத்தது.

"ஆட்களை எடுத்தால் அது குடும்ப ஆல்பம் சார், ட்ராவல் போட்டோகிராபி இல்லை" என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்சியிலும் நியாயம் உண்டு. ஆளே இல்லாத அதிகாலைக் கோயில் ஒரு அழகுதான். ஆனால் ஆரம்பிக்கிற நமக்கு யோசனை வேண்டும். சாஞ்சி ஸ்தூபியை என்னைவிட நன்றாக, நல்ல வெளிச்சத்தில், பல நாள் காத்திருந்து எடுத்தவர்கள் ஆயிரம் பேர். ஸ்தூபி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, நாளைக்குப் போனாலும் எடுக்கலாம். 2016 மே மாசம் அங்கே என் அம்மா நின்றதை எடுக்க இருந்தவன் நான் ஒருவன் மட்டும்தான். அந்த வேலையைத்தான் நான் செய்யவில்லை.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? காமர்ஸ் படித்தவன் கணக்கிலேயே சொல்கிறேன்.

ஸ்தூபி சுமார் 16 மீட்டர் உயரம். அம்மா ஒன்றரை மீட்டர். பக்கத்தில் நிறுத்தினால் ஸ்தூபியில் பதினொரு பங்கில் ஒரு பங்குதான் அம்மா. இதை எந்த லென்ஸாலும் மாற்ற முடியாது. ஆனால் நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, அம்மாவை மட்டும் என்னிடமிருந்து ஆறேழு அடி தூரத்துக்கு வரச் சொல்லியிருந்தால்? ஸ்தூபி பின்னால் அதே அளவில் முழுசாக இருக்கும். அம்மா இடுப்புக்கு மேலே பளிச்சென்று முன்னால் இருப்பாள். ஆள் கட்டடத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, கேமராவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

அடுத்தது வெளிச்சம். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் வரும். காலையில் ஒன்பதுக்கு முன், சாயங்காலம் நாலரைக்குப் பின் எடுங்கள். மத்தியானம்தான் போக முடிந்தது என்றால் மர நிழலிலோ மண்டப வாசலிலோ, வெளிச்சம் வரும் பக்கம் முகம் இருக்கும்படி நிறுத்துங்கள்.

முழுசும் வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். இப்போது நான் இருக்கும் புவனேஸ்வரத்திலிருந்து கொனார்க் 65 கிலோமீட்டர். அங்கே முழுக் கோயிலையும் அடைக்கப் பார்த்தால் யார் முகமும் தெரியாது. ஒன்பது அடி உயரக் கல் சக்கரம் ஒன்று போதும், பார்த்தவுடன் கொனார்க் என்று யாருக்கும் தெரியும்.

மொபைலே போதும், ஆனால் லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். பாதிப் படம் மங்கலாக வருவது நம் கைவிரல் எண்ணெயால்தான். திரையில் முகத்தைத் தொட்டு போகஸ் செய்யுங்கள். ரொம்பக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும், இரண்டு அடி பின்னால் வந்து 2 எக்ஸ் வைத்து எடுங்கள்.

நல்ல ஸ்டுடியோ எது தெரியுமா? ரயில் ஜன்னல். ஊருக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் பக்கவாட்டில் விழும் வெளிச்சத்துக்கு ஈடே இல்லை. "சிரி" என்று சொல்லாதீர்கள். புளியோதரைப் பொட்டலம் பிரிக்கும்போது எடுங்கள்.

கேமராவைக் கை மாற்றுங்கள். பல வீடுகளில் வீட்டுக்காரர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். மனைவியிடம், பிள்ளைகளிடம் கொடுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

முன்பின் தெரியாதவர்களை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் கேமராவைக் காட்டித் தலையாட்டினால் போதும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர்களுக்கு அது ஊர், நமக்குத்தான் டூர்.

கடைசியாக, கேஷ் டாலி பண்ணாமல் கவுன்ட்டரை மூட மாட்டோம் இல்லையா, அது மாதிரி அன்றன்று இரவே உட்கார்ந்து தேறாததை அழித்துவிடுங்கள். பத்து மிஞ்சினால் அதிகம். அதற்கு ஊர், தேதி, பெயர் எழுதி இரண்டு இடத்தில் சேமியுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், தரம் குறையாது. ஒன்றிரண்டையாவது பிரின்ட் போடுங்கள்.

போன குளிர்காலத்தில் மாமியார் வந்திருந்தார்கள். காலை ஏழரைக்கெல்லாம் கொனார்க்கில் இருந்தோம். கிழக்குப் பார்த்த கோயில் என்பதால் வெயில் நேராக விழுந்தது. சக்கரத்தைப் பின்னால் வைத்து மொத்தமே முப்பது படம். நன்றாக வந்தது ஒன்றுதான். அதை பிரின்ட் போட்டுக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, எனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சா?" என்றார்கள்.

முடி நரைத்தது தெரிகிற அளவுக்குக் கிட்டே போயிருக்கிறேன் என்று எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இந்த லீவுக்கு ஊரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால், கேமரா கடைக்குப் போக வேண்டாம். அவர்களைக் கிட்டே வந்து நிற்கச் சொல்லுங்கள், அது போதும்.

பி.கு: அந்தத் தம்பி இஎம்ஐ-யைத் தள்ளிப் போட்டுவிட்டார். அவருடைய அப்பா அம்மா அடுத்த மாசம் வருகிறார்களாம்.