பாலகருக்கு ஆங்கிலம்: யார் கற்பிப்பது? எப்படிக் கற்பிப்பது?

செஞ்சிக் கோட்டை மூன்று மலைகளை வளைத்து நிற்கிறது. 1761-ல் ஆங்கிலக் கம்பெனியின் பட்டாளம் அதைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தது. கம்பெனி போயிற்று, 1947-ல் வெள்ளையன் ஆட்சியும் போயிற்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இன்று யாரும் அதில் ஏறலாம். ஆனால் ஆங்கிலம் என்ற இன்னொரு கோட்டை இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நம் தாய்மார்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். உள்ளே போகப் பணம் கேட்கிறார்கள்.

மல்லாட்டை பிடுங்கியும் நாற்று நட்டும் சேர்த்த கூலியை நர்சரிப் பள்ளியில் கொட்டுகிறவர்களை, ‘ஆங்கில மோகம் பிடித்தவர்கள்’ என்று ஏசுவோர் உண்டு. நாம் ஏச மாட்டோம். உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. பணக்காரன் பிள்ளைக்குக் கிடைப்பது தன் பிள்ளைக்கும் வேண்டும் என்று பாட்டாளி கேட்பது மோகமல்ல, உரிமை.

சர்க்கார் என்ன செய்தது? 2019 ஜனவரியில், தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் ஆசிரியர் எங்கே? இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022 ஜூனில் இந்த வகுப்புகளை மூடப்போவதாகச் செய்தி வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களிலேயே, வகுப்புகள் தொடரும் என்று சர்க்கார் அறிவித்தது. பிறகு மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள்! முப்பது நாளுக்கு வகுத்துப் பாருங்கள். நாளைக்கு 167 ரூபாய்கூட இல்லை. அரைவயிற்று ஆசிரியர் கற்பிக்கும் பாடம் எத்தனை நாள் நிலைக்கும்?

இந்த அலட்சியத்துக்கு வேர் சட்டத்திலேயே இருக்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் உரிமை தருகிறது. 6 வயதுக்குக் கீழே, அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு, ‘சர்க்கார் முயல வேண்டும்’ என்று மட்டும் சொல்கிறது. வெறும் முயற்சியை நம்பி நம் குழந்தைகள் எத்தனை காலம் காத்திருப்பது?

சரி, பாடம் எப்படி இருக்க வேண்டும்? முதலில் தமிழ். தாய்ப் பாஷையில் பேசிச் சிரித்துக் கதை கேட்ட பிள்ளைக்குத்தான் இரண்டாம் பாஷை ஒட்டும். காணாத ஆப்பிளைப் படத்தில் காட்டி உருப்போட வைப்பானேன்? மல்லாட்டையைக் கையில் கொடுங்கள். உரிக்கட்டும், எண்ணட்டும், தமிழில் பேர் சொல்லட்டும். பிறகு அதற்கே ஆங்கிலப் பேரும் சொல்லிக் கொடுங்கள். நாளைக்கு அரைமணி நேரம் பாட்டும் விளையாட்டுமாக இருந்தால் போதும். பிஞ்சு விரலில் பென்சிலைத் திணிக்க வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். 1, 2-ம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியிருக்க, பாலகருக்கு எதற்கு? பொழுது சாய வீடு திரும்பும் தாய் அடுப்பு மூட்டுவாளா, ஆங்கில நோட்டைத் திருப்புவாளா?

இதனால் தமிழ் அழியும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். தமிழை அகற்றிவிட்டு ஆங்கிலத்தை உட்கார வைத்தால் அந்த அச்சம் நியாயமே. நாம் கேட்பது அதுவல்ல. பயிற்றுமொழி தமிழ், ஆங்கிலம் ஒரு பாடம்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை: ஒவ்வொரு அங்கன்வாடியிலும் மழலையர் வகுப்பு வேண்டும். பயிற்சி பெற்ற நிரந்தர ஆசிரியரும் முழுச் சம்பளமும் வேண்டும். அங்கன்வாடி ஊழியருக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களை ஊழியராகவே ஏற்று ஊதியம் தர வேண்டும். 6 வயதுக்குக் கீழும் கல்வி சட்டபூர்வ உரிமையாக வேண்டும்.

தோழர்களே! மே 1-ந் தேதி செங்கொடி ஏற்றுகிற அதே நாளில் கிராம சபையும் கூடுகிறது. ஆலையிலிருந்தும் வயலிலிருந்தும் திரளாகச் செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள். செஞ்சிக் கோட்டையைப் பட்டாளம் திறந்தது. இந்தக் கோட்டையை நமது ஒற்றுமை திறக்கும்!