மலையேறும் காரும் கரும்புகையும்

பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலைகளிலும் குடியமர்ந்த நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் பழைய கார் ஒன்று இன்னும் வீட்டில் ஒருவரைப் போலவே போற்றப்பட்டு வருகிறது. தந்தையார் வாங்கிய அம்பாஸடர், பாட்டனார் ஓட்டிய பியட், சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று பெருமையோடு சொல்வாரைக் காண்கிறோம். அம்பாஸடரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. புதிய கார்களில் கணிப்பொறி அளந்து கொடுக்கும் பெட்ரோலை, இப்பழைய கார்களில் கார்புரேட்டர் என்னும் சிறு உலோகப் பாத்திரமே அளந்து கொடுக்கிறது. ஆகவே அதன் இயல்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் இவற்றை வைத்திருப்போருக்கு இன்றியமையாதது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் வாழும் அன்பர் ஒருவர் இம்மாதம் நமக்கு ஒரு கடிதம் விடுத்துள்ளார். தேவிகுளத்தில் மணமுடித்துக் கொடுத்த மகளைக் காண, மகன் வழிப் பேரக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக அம்பாஸடரில் சென்று வருவது அவர் வழக்கம். உடுமலை வரையில் ஒரு குறையும் தெரிவதில்லையாம். மறையூர் தாண்டியதும் கார் கரும்புகை கக்குகிறது, இழுக்க மறுக்கிறது, குழந்தைகள் தலைவலி என்றும் குமட்டல் என்றும் சொல்கின்றனர். மலைமேல் இருந்த பட்டறையில் பெட்ரோலைக் குறைத்து வைத்தார்கள், புகை நின்றது. சமவெளிக்கு இறங்கியதும் இயந்திரம் சூடேறி, வெடிச்சத்தம் போடத் தொடங்கிற்று. கீழ்ப் பட்டறையில் மீண்டும் பெட்ரோலைக் கூட்டினார்கள். “இருவரில் யார் சொல்வது சரி?” என்று அன்பர் வினவுகிறார்.

காரின் நோயைப் பார்க்குமுன் குழந்தைகளின் தலைவலியைப் பார்ப்போம். வளைவுகளில் போகும்போது குழந்தைகளுக்குக் குமட்டுவது உலக வழக்கமே. ஆனால் பெட்ரோல் மிகுந்து எரியும் இயந்திரத்தில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பெருகுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் செம்பொருளோடு அது உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். சைலன்சர்க் குழாயில் ஓர் ஓட்டையும், காரின் அடித்தகட்டில் ஒரு துருப்பிடித்த துளையும் இருந்து, குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டால், அந்த வாயு உட்கார்ந்திருப்போர் மூச்சில் கலந்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. காரை ஓட்டுபவருக்கு வளைவுக் குமட்டல் வருவது அரிது. அவருக்கும் தலை கனத்து, ஏறியிருப்போர் பலருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, காரை விட்டு இறங்கி நல்ல காற்றில் நின்றதும் தெளியுமானால், நச்சுவாயுவையே சந்தேகிக்க வேண்டும். உடனே காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிடுக. எவரேனும் மயங்கினாலும், தூக்கக் கலக்கத்திலிருந்து தெளியாவிடினும், தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. சைலன்சர், அதன் இணைப்புகள், அடித்தகட்டின் ரப்பர் மூடிகள், டிக்கிக் கதவின் ரப்பர் ஆகியவற்றைச் சீர்செய்யும் வரையில் குழந்தைகளை அக்காரில் ஏற்றலாகாது.

இனி அன்பரின் வினாவுக்கு வருவோம். பெட்ரோல் ஒழுங்காக எரிவதற்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். காற்று குறைந்தாலும் பெட்ரோல் கூடினாலும் கலவை பெட்ரோல் மிகுந்ததாகிறது. இதைத்தான் பட்டறைக்காரர்கள் ‘ரிச்’ என்கின்றனர். பாலக்காட்டுக் கணவாய் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூணாறோ ஏறத்தாழ 1,500 மீட்டர். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியே பாயும் காற்றின் உறிஞ்சலே பெட்ரோலை இழுக்கிறது. காற்றின் அடர்த்தி குறையும்போது பெட்ரோலும் குறைகிறது. ஆனால் அதே அளவுக்குக் குறைவதில்லை. ஆதலின் மூணாறு உயரத்தில் கலவையில் பெட்ரோலின் பங்கு 7 அல்லது 8 சதவீதம் கூடிவிடுகிறது.

இக்கணக்கை நன்கு கவனிக்க வேண்டும். குறையற்ற கார்புரேட்டர் ஒன்றுக்கு 7, 8 சதவீதக் கூடுதல் பெரிய தீங்கு அன்று. கார் சற்றுச் சோம்பும்; பெட்ரோல் சிறிது கூடுதலாகச் செலவாகும். அடர்த்தியான கரும்புகை அதனால் மட்டும் வருவதில்லை. அப்படிப் புகைந்தால், சமவெளியிலேயே கலவை மிகுந்திருக்கிறது என்றும், மலை அதைக் காட்டிக் கொடுத்தது என்றும் கொள்க. ஆகவே அன்பர் கண்ட பட்டறைகள் இரண்டும் நோயைத் தேடாமல் திருகைத் திருப்பின என்பதே நம் கருத்து. நோயைச் சமவெளியிலேயே தேடிப் பிடிக்க வேண்டும். அதற்குரிய வரிசை பின்வருமாறு.

முதலில் புகையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கருநிறமானால் பெட்ரோல் மிகுதி. நீலமானால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை ஓயாமல் வந்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே கசிகிறது. பிறகு பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஆறியதும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கவும். இளம்பழுப்பு நிறமானால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவை மிகுதி. ஒரே ஒரு பிளக் மட்டும் கறுத்திருந்தால் குற்றம் கார்புரேட்டரில் இல்லை; அந்தப் பிளக்கையும் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சோக். குளிர்ந்த காலையில் இழுத்த சோக், குமிழை உள்ளே தள்ளிய பின்னும் முழுதும் திரும்பாமல் நிற்பது பழைய கார்களில் அடிக்கடி நேர்வது. குமிழை நம்பாமல், பானட்டைத் திறந்து கார்புரேட்டரிலேயே பார்க்க வேண்டும். அம்பாஸடர்களில் எஸ்.யூ., சோலெக்ஸ் ஆகிய இரு வகைக் கார்புரேட்டர்களும் காணப்படுகின்றன. எஸ்.யூ. வகையில் சோக் இழுத்தால் ஜெட் கீழே இறங்கும். அது மேலே திரும்பாமல் சிக்கிக்கொண்டால் கலவை எப்போதும் மிகுந்தே இருக்கும்.

மூன்றாவது, காற்று வடிகட்டி. கணவாயின் வழியே கீழ்க்காற்று வீசும் மாதங்களில் பாலக்காட்டுச் சாலைகளின் புழுதி வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். வடிகட்டியைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தால் புகை குறைகிறதா என்பது தெரிந்துவிடும். எண்ணெய்த் தொட்டி வகை வடிகட்டியாயின் குறியிட்ட அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றலாகாது.

நான்காவது, தீப்பொறி. பாயிண்ட் தேய்ந்து, கண்டென்சர் பழுதாகித் தீப்பொறி மெலிந்துவிட்டால், சரியான கலவையும் முழுதும் எரியாமல் பிளக்கைக் கறுக்கச் செய்யும். இதை நோக்காமல் கார்புரேட்டரைப் பிரிப்பது வீண் செலவு.

ஐந்தாவதாகத்தான் கார்புரேட்டரின் உள்ளே பார்க்க வேண்டும். அதன் சிறு தொட்டியில் மிதவை ஒன்று உண்டு. பெட்ரோல் போதிய அளவு நிறைந்ததும் மிதவை எழும்பி ஊசி வால்வை மூடுகிறது. வால்வின் நுனி தேய்ந்தாலோ, தூசி ஒன்று சிக்கினாலோ, பெட்ரோல் மட்டம் உயர்ந்து இயந்திரத்துக்குள் வழிகிறது. பித்தளை மிதவை ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்திருந்தாலும் இதுவே நேரும். மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளிருக்கும் பெட்ரோல் சலசலக்கும். அடுப்பிலிருந்து இறக்கி வெளியே கொண்டுவந்த வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழிகள் கிளம்பும். அப்படிப்பட்ட மிதவைக்கு ஈயம் வைத்து அடைப்பதினும் புதியது வாங்குவதே நன்று. உள்ளே பெட்ரோல் தங்கிய மிதவையில் சூடு வைப்பது ஆபத்து. அம்பாஸடரில் கார்புரேட்டருக்கு நேர் கீழே கொதிக்கும் புகைக்குழாய் இருக்கிறது. ஆகவே பெட்ரோல் வழிவதைக் கண்டால் இயந்திரத்தைக் கிளப்பவே கூடாது.

ஜெட்டுகளைச் சுத்தம் செய்யும்போது கம்பியால் குத்துவது பலரிடம் காணும் தீய வழக்கம். ஒருமுறை குத்திப் பெரிதான துளை பிறகு சிறிதாவதில்லை. காற்று பீய்ச்சியே அடைப்பை நீக்க வேண்டும். காற்று செல்லும் சிறு ஜெட் அடைபட்டாலும் கலவை மிகுந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

இப்போது கிடைக்கும் பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025-ஆம் ஆண்டுக்குள் நாட்டின் பெட்ரோல் நிலையங்களில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனாலில் உயிர்வளி அடங்கியிருப்பதால் கலவை சற்று மெலியவே செய்யும். எனினும், பழைய டாங்கியில் ஒட்டிக் கிடந்த கசடை அது இளக்கி ஊசி வால்வு வரையில் கொண்டுவந்து சேர்க்கும். அக்காலத்து ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் ஊறச் செய்யும். ஆதலின் குழாய்களை மாற்றி, நல்ல பெட்ரோல் வடிகட்டி ஒன்றும் பொருத்துக.

இவையெல்லாம் சரியான பின்பே கலவைத் திருகைத் தொடவேண்டும். சோலெக்ஸில் அத்திருகு இயந்திரம் நின்றபடி ஓடும் நிலைக்கு மட்டுமே உரியது. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். எஸ்.யூ. வகையில் ஓர் எளிய சோதனை உண்டு. சூடேறிய இயந்திரம் மெல்ல ஓடும்போது உள்ளிருக்கும் பிஸ்டனை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயர்த்தவும். வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை மிகுதி. இயந்திரம் அணைந்துபோனால் கலவை மெலிவு. கணப்பொழுது கூடி அடங்கினால் சரி. 2000-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பெட்ரோல் கார்களுக்கு, நின்று ஓடும் நிலையில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பது சட்டம். மாசுச் சான்றுக்குச் செல்லும்போது அந்த எண்ணைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்க. சான்றுத் தாளைவிட அந்த எண் பயனுடையது.

இறுதியாக, மேலும் கீழும் வாழும் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. கார் எவ்விடத்தில் பெரும்பாலும் நிற்கிறதோ அவ்விடத்துக்கே கலவையை அமைக்க வேண்டும். மூணாற்றிலேயே குடியிருப்பவர் சற்றுச் சிறிய ஜெட் போட்டுக்கொள்ளலாம். சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்த எண் துளையின் அளவைக் குறிக்கும். 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். அதை 115 ஆக்கினால் துளையின் பரப்பு 8 சதவீதம் குறைகிறது. மலை கூட்டியது ஏறத்தாழ அதுவே. ஆனால் அவர் போடிக்கோ உடுமலைக்கோ இறங்கி, சமவெளியில் நெடுந்தூரம் ஓடுவதாயின் பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டாக வேண்டும். மெலிந்த கலவை வால்வுகளைக் கருக்கிவிடும். இரண்டு நாள் விருந்துக்கு மலையேறுபவர் எதையும் மாற்ற வேண்டுவதில்லை.

புறப்படுமுன் எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்ப்பதும் நன்று. மட்டம் உயர்ந்து பெட்ரோல் வாடை வீசினால், வழிந்த பெட்ரோல் எண்ணெயில் கலந்துவிட்டது என்று பொருள். அந்த எண்ணெயோடு மலையேறினால் பேரிங்குகள் தேய்ந்துவிடும். காரணத்தை நீக்கி, எண்ணெயையும் மாற்றிய பிறகே பயணம் வைத்துக்கொள்க.

வரும் இதழில், மலையிறக்கத்தில் பிரேக் சூடேறாமல் காரை இறக்கும் முறையைப் பற்றிக் காண்போம். தத்தம் காரின் குறைகளை எழுதும் அன்பர்கள், அது பெரும்பாலும் நிற்கும் ஊரையும் ஏறிச் செல்லும் ஊரையும் மறவாமல் குறிப்பிட வேண்டுகிறோம்.