ஐயப்பன்தாங்கலில் தலைவர், காட்டுப்பாக்கத்தில் தனி அலுவலர்

இன்னும் தேர்தல் இல்லை. திருவள்ளூர் உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளில் அரசு நியமித்த தனி அலுவலர்களே தொடர்கிறார்கள். 2025 ஜனவரி 5ஆம் தேதி பழைய பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தபோது இது ஆறு மாத ஏற்பாடு என்றார்கள். ஜூலை 5 வந்தது, போனது. ஆண்டும் முடிந்துவிட்டது. எந்தத் தேதியில் வாக்குப்பதிவு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தேர்தலைத் தள்ளிப்போடும் முடிவை எடுத்தவர்களுக்கு இது நிர்வாகக் கோப்பு. பூந்தமல்லி ஒன்றியத்திலும் வில்லிவாக்கம் ஒன்றியத்திலும் வசிக்கிறவர்களுக்கு அது தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர்.

அண்மையில் சென்னையில் ஜனநாயகத்தின் எதிர்காலம் பற்றிய ஒருநாள் கருத்தரங்கில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருந்தோம். நல்ல கூட்டம். கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பொய்ச் செய்தி பற்றிப் பேசினார்கள், செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசினார்கள், அமெரிக்காவையும் ஹங்கேரியையும் பற்றிப் பேசினார்கள். எல்லாமே பேச வேண்டியவைதான். மதியத்துக்கு மேல் உத்திரமேரூர் கல்வெட்டின் படம் திரையில் வந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையை விளக்கியதும் அரங்கம் கைதட்டியது. நிலம் உள்ளவர்கள் மட்டுமே நிற்க முடிந்த பிராமணர் ஊர்ச்சபை அது. அதைப் பொதுமக்கள் ஆட்சி என்று கொண்டாடுவதில் நமக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அந்தக் கல்லில் ஒரு விதி இருக்கிறது. சபையின் வாரியத்துக்கு, அதாவது குழுவுக்கு, வந்தவர் 360 நாள் முடிந்ததும் இறங்க வேண்டும், புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலம் முடிந்தால் தேர்தல் என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த அரங்கத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத ஊர்கள் இருக்கின்றன. அன்று முழுவதும் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பேசியவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? இவ்வளவு பெரிய விஷயம் சத்தமில்லாமல் பழகிப்போய்விட்டதே என்பதுதான் நம் கோபம்.

மவுன்ட் பூந்தமல்லி சாலையில் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்துப் பார்க்கலாம். ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் ஒன்றியம். அங்கே 2021 அக்டோபரில் தேர்தல் நடந்ததால் ஊராட்சித் தலைவர் இருக்கிறார், வார்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அதை ஒட்டிய காட்டுப்பாக்கம் திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி ஒன்றியம். அங்கே யாரும் இல்லை. ஒரே சாலை, ஒரே மழைநீர், ஒரே போக்குவரத்து நெரிசல். மாவட்ட எல்லையைத் தாண்டினால் ஒருவருக்கு உள்ள உரிமை பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை. இதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

பூந்தமல்லி ஒன்றியத்தில் ஒரு ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம்; எந்த ஊருக்குப் போனாலும் இதுதான் காட்சி. சுவரில் நீல நிறப் பலகை. அதில் வெள்ளை எழுத்தில் தலைவர்களின் பெயரும் பதவி வகித்த காலமும். கடைசிப் பெயருக்கு எதிரே ‘05.01.2025 வரை’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். செயலர் மட்டும் இருந்தார். தெருவில் நாலு கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று சொல்ல ஒரு அம்மா வந்திருந்தார். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு மகள் அந்த வழியாகத்தான் நடந்து வருகிறாள் என்றார். செயலர் பொறுமையாக எழுதிக்கொண்டார். ‘சார் வந்ததும் சொல்றேம்மா.’ சார் எப்போது வருவார் என்று அந்த அம்மா கேட்டார். ‘அவருக்கு இன்னும் நாலஞ்சு ஊர் இருக்கும்மா’ என்றார் செயலர். அதில் பொய் எதுவும் இல்லை. ஒரே அதிகாரி பல ஊராட்சிகளைச் சுமக்கிறார். ஒன்றிய அலுவலக வேலை தனி. அவரை நாம் குற்றம் சொல்லவில்லை. தலைவர் இருந்த காலத்தில் அந்த அம்மா அலுவலகத்துக்கே வந்திருக்க மாட்டார். காலையில் டீக்கடையிலோ கோயில் வாசலிலோ தலைவரை மறித்துக் கேட்டிருப்பார். வேலை நடக்காவிட்டால் அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும்போது திட்டியிருப்பார். அதிகாரி யாரிடமும் ஓட்டுக் கேட்டு வரப்போவதில்லை. அந்த அம்மாவின் கையில் இருந்த ஒரே பிடிமானம் போய்விட்டது.

ஊராட்சிக் கணக்கில் காசோலை எடுக்க வேண்டுமானால் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவர் தவறு செய்தால் இன்னொருவர் தடுக்கலாம் என்பதற்காக வைத்த ஏற்பாடு. அது எப்போதும் ஒழுங்காக நடந்தது என்று நாம் சொல்லவில்லை; சண்டை, பேரம், கமிஷன் எல்லாம் உண்டு. ஆனாலும் அந்த இருவரும் ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இப்போது கையெழுத்திடும் அதிகாரம் ஊருக்கு வெளியே போய்விட்டது.

இந்த மாவட்டங்களில் கடைசியாக 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் இரண்டு கட்டமாக நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நிரப்ப வேண்டியிருந்த பதவிகள் 91,975. அவற்றில் ஊராட்சித் தலைவர் பதவிகள் 9,624. சட்டப்படி பாதி இடங்கள் பெண்களுக்கு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஒதுக்கீடு. கணவர்தான் நாற்காலியில் உட்கார்ந்தார் என்று கேலி பேசியவர்கள் உண்டு. அப்படி நடந்த ஊர்களும் உண்டு. ஆனால் முதல் வருடம் கணவரிடம் கேட்டுப் பேசிய பெண் மூன்றாம் வருடம் பி.டி.ஓ. அலுவலகத்தில் மேசையைத் தட்டிப் பேசியதையும் இந்தப் பகுதிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த நாற்காலிகள் அத்தனையையும் ஒரே நாளில் காலி செய்துவிட்டு, ஓராண்டாக நிரப்பாமல் வைத்திருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பம் எதுவும் இல்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்தின்படி ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு. 243E பிரிவு அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்கிறது. காலம் முடிவதற்கு முன்பே புதிய தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2006இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, நகர உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தியே தீர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஐந்தாண்டு எப்போது முடியும் என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்த விஷயம். 2020 ஜனவரி 6இல் பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடியும் என்று கணக்குப் போட ஆணையம் வேண்டுமா?

காரணம் கேட்டால் வார்டு மறுவரையறை என்கிறார்கள். ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் வேலை நடக்கிறது, அது முடியட்டும் என்கிறார்கள். நம் பகுதியில் பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் ஆவடி மாநகராட்சியோடு சேர்க்கும் திட்டம் எல்லோருக்கும் தெரியும். இணைப்பு நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். பாதாளச் சாக்கடை வரும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்று அஞ்சுகிறவர்கள் அவர்களைவிட அதிகம். அந்த விவாதத்தை நடத்த வேண்டிய இடம் எது? ஊராட்சி மன்றம். அதுதான் இல்லையே! ஊரின் தலைவிதியை மாற்றும் முடிவு எடுக்கப்படும் அதே காலத்தில் ஊரின் வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஊருக்காகப் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை அனுப்பிவிட்டு ஊரைப் பிரிப்பதும் சேர்ப்பதும் எந்த விதத்தில் நேர்மை?

இணைப்பு என்றால் என்ன என்று அம்பத்தூர்க்காரர்களைக் கேளுங்கள். 2011இல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என்று 42 உள்ளாட்சிகளைச் சென்னை மாநகராட்சி விழுங்கியது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆனது. தனி நகராட்சியாக இருந்தபோது அம்பத்தூருக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட வார்டுகள். இன்று ஏழாவது மண்டலம், 79 முதல் 93 வரை 15 வார்டுகள். நாலு தெரு தள்ளி இருந்த கவுன்சிலர் இப்போது முப்பதாயிரம் பேருக்கு மேல் ஒருவர். சாலை அகலமாகியிருக்கலாம். மறுக்கவில்லை. மக்களுக்கும் மன்றத்துக்கும் இடையே தூரமும் அகலமாகிவிட்டது.

அந்த மன்றங்களுக்கான தேர்தலையாவது ஒழுங்காக நடத்தினார்களா? 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீட்டை முறையாகச் செய்யவில்லை என்று அக்டோபர் 4இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிழை யாருடையது? ஒழுங்காக அறிவிக்கை வெளியிடத் தெரியாதவர்களுடையது. தண்டனை யாருக்கு? நமக்கு. நகரங்களுக்குத் தேர்தல் வர 2022 பிப்ரவரி 19 ஆகிவிட்டது. ஐந்தாண்டுக்கும் மேல். ஆவடியை 2019இல் மாநகராட்சி என்று அறிவித்தார்கள். முதல் மன்றம் அமர்ந்தது 2022 மார்ச்சில். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒரு கவுன்சிலர்கூட இல்லாத மாநகராட்சியாக அது இருந்தது. ஊரடங்கில் அரிசி வரவில்லை என்று சொல்லவும், 2021 நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது மோட்டார் கேட்கவும் ஆவடியிலும் திருவேற்காட்டிலும் அம்பத்தூரிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியம் முடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான்.

இன்னும் பின்னால் போனால், 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றம் மறுபடி கூடியது 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள்! ஒரு தலைமுறை மேயர் என்று ஒருவரைப் பார்க்காமலே வளர்ந்தது. கோட்டையில் கட்சி மாறியிருக்கிறது, முகம் மாறியிருக்கிறது. உள்ளாட்சி என்றால் ஒத்திப்போடலாம் என்ற எண்ணம் மட்டும் மாறவேயில்லை. சட்டமன்றத் தேர்தலை இப்படி ஒரு வாரம் தள்ளி வைக்க இவர்கள் ஒப்புக்கொள்வார்களா? தங்கள் நாற்காலிக்கு ஒரு சட்டம், ஊர்க்காரன் நாற்காலிக்கு வேறு சட்டம் என்று நடந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இதையே செய்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மறுவரையறை என்று சொல்வதை நம்ப நாம் தயாராக இல்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு சாலையில் கொஞ்ச தூரம் போனால் குத்தம்பாக்கம். இன்று புதிய பேருந்து முனையத்துக்காகப் பேசப்படும் ஊர். 1996இல் அங்கே ஊராட்சித் தலைவராக வந்தவர் இளங்கோ ரங்கசாமி, வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய வேதிப் பொறியாளர். பத்தாண்டுகள் தலைவராக இருந்தார். தலித் குடும்பமும் மற்ற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் அங்கே எழுந்தன. இடையில், வேலை நடந்த முறையில் விதிமீறல் என்று சொல்லி அவரை இடைநீக்கம் செய்தார்கள். அவர் கிராம சபையைக் கூட்டினார். கணக்கை ஊர் முன்னால் வைத்தார். ஊர் கேட்டது, தீர்ப்புச் சொன்னது, அவர் பக்கம் நின்றது. இடைநீக்கம் விலக்கப்பட்டது. அன்று குத்தம்பாக்கத்தில் நடந்ததுதான் ஜனநாயகத்தின் எதிர்காலம் பற்றிய கருத்தரங்கு. மேடையில் இருந்தவர் கீழே இருந்தவர்களுக்குப் பதில் சொன்னார்.

குத்தம்பாக்கம் இருக்கும் பூந்தமல்லி ஒன்றியத்தில் இன்று கணக்கை யார், யார் முன்னால் வைப்பது? கிராம சபை கூடுகிறது, மறுக்கவில்லை. ஆண்டுக்கு ஆறு முறை என்று விதி இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத சபையில் கேள்வி கேட்டால், மேலே தெரிவிக்கிறோம் என்ற பதில்தான் வருகிறது. மேலே இருப்பவர்களோ தேர்தல் தேதியைச் சொல்ல மறுக்கிறார்கள்.

இணைப்பை முடித்துவிட்டு நடத்துவார்களோ, இணைக்காமல் நடத்துவார்களோ, வழியை அவர்கள் கண்டுபிடிக்கட்டும். அதற்குத்தான் கோட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இனியும் ஒரு நீட்டிப்பை ஏற்க முடியாது.

ஜனவரி 26ஆம் தேதி கிராம சபை கூடும். பந்தல் வாசலிலேயே வருகைப் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். வாசகர்களே, அவசரப்படாதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள். தேர்தல் தேதியை அறிவிக்கக் கோரும் தீர்மானத்தை முதல் தீர்மானமாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.