சைடு போர் போட்டவனுக்குத் தெரியும்

சென்னையில வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் போன்ல கேட்டார்: "அண்ணே, இப்பல்லாம் ஷேல் கேஸ் எடுக்கத் துளையைப் பாறைக்குள்ளயே வளைச்சு ஓட்டுறாங்க. மேல கொஞ்ச இடம் போதும், வயலுக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் எதுக்கு டெல்டாவுல எதிர்ப்பு?"

தம்பி, அடிவாரத்துல சேந்தமங்கலம் பக்கம் எங்க மாமனாருக்கு ஒரு கிணறு இருக்கு. தண்ணி வத்தினப்போ மெஷினை உள்ள இறக்கி 120 அடிக்கு சைடு போர் போட்டோம். "உங்க எல்லையைத் தாண்டாது"ன்னார் போர்க்காரர். தாண்டலை. ஆனா வழியில ஒரு பாறை வெடிப்பை வெட்டிடுச்சு. எங்களுக்குத் தண்ணி வந்துச்சு, பங்காளி கிணறு மூணே மாசத்துல இறங்கிடுச்சு. இன்னிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. துளை நேராத்தான் போச்சு. பாறைக்குள்ள என்ன இருக்குன்னுதான் யாருக்கும் தெரியலை.

ஷேல் கிணறும் இந்தக் கதைதான், அளவுதான் வேற. ரெண்டு, மூணு கிலோமீட்டர் ஆழத்துல திரும்பி, படுக்கையா ஒரு கிலோமீட்டருக்கு மேல போகும். ஷேல் பாறையில காமா கதிர் கூடுதலா இருக்கும். அதைப் படிக்கிற கருவியை வச்சுத்தான் துளையைத் திருப்புறாங்க. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கலை. ஆனா அந்தக் கருவி இருக்கிறது உளிக்குப் பின்னால. முன்னால இருக்கிற சின்னப் பிளவு பல நேரம் முட்டின பிறகுதான் தெரியும். காவிரிப் படுகையோ அடியில மேடும் பள்ளமுமா உடைஞ்சு கிடக்கிற பூமி.

துளை போட்டதோட முடியலை. ஒரு கிணத்துக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல தண்ணியை மணல், ரசாயனத்தோட அழுத்தி அடிச்சுப் பாறையை உடைக்கணும். இங்கிலாந்துல பிளாக்பூல் பக்கம் 2011ல அப்படி அடிச்சப்போ 2.3 அளவுக்கு நிலம் அதிர்ந்துச்சு. காரணம், முன்கூட்டித் தெரியாத ஒரு பிளவு. 2019ல இன்னொரு இடத்துல 2.9 வந்ததும் அந்த அரசே வேலையை நிறுத்திடுச்சு.

2020ல தமிழ்நாடு போட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஷேல் எரிவாயுவையும் பேர் சொல்லித் தடுக்குது. நல்லது. ஆனா மண்டலத்தோட எல்லை மேல போட்ட கோடு. கோட்டுக்கு வெளிய கிணறு தோண்டி, உள்ள இருக்கிற வயலுக்கு அடியில துளையை ஓட்டினா யார் பார்க்கிறது? கிணறு எங்க இருக்குன்னு மட்டும் பார்த்து அனுமதி குடுக்கக் கூடாது. துளை யார் யார் வயலுக்கு அடியில போகுதோ, அந்தந்த கிராம சபையில வரைபடத்தை வச்சுச் சம்மதம் கேட்கணும்.

கொல்லிமலையில ஷேல் கிடையாது, உனக்கெதுக்கு இந்தக் கவலைன்னு கேட்கலாம். ஆகாய கங்கையா விழுற எங்க ஐயாறு கடைசியில காவிரிக்குத்தான் போகுது. பாக்சைட்டுக்காக எங்க மலையையும் தோண்டினாங்க. அந்தக் குழியாவது கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, தம்பி.